பன்னிரண்டாவது பேணி

மே மாத நடுவில் ஒரு திங்கட்கிழமை, டோர்ட்மண்டில் என் அலுவலகத்துக்கு ஹைன்ரிஷ் தொலைபேசி எடுத்தார். பத்து வருடப் பழக்கத்தில் அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. "நாயகம் இன்று தேநீர் போடவில்லை," என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாயகம் அண்ணை தேநீர் போடாத நாள் ஒன்று இருந்தால், அது அவர் உயிரோடு இல்லாத நாளாகத்தான் இருக்க வேண்டும்.

அவரை அறிந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணை உட்கார்ந்து நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. வுப்பர்டாலில் ஒரு நாடா நெய்யும் ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் சமையல்காரர். நான் பொறியியல் படித்துக்கொண்டு அங்கே பகுதிநேரமாகப் பாத்திரம் கழுவியவன். வாசலில் ஆள் தலை தெரிந்தால் போதும், கேத்திலைத் தூக்கிவிடுவார். வந்தவர் மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்னே தேநீர் மேசைக்கு வந்துவிடும். "தேத்தண்ணி ஆளுக்காகக் காத்திருக்கலாம் தம்பி, ஆள் தேத்தண்ணிக்காகக் காத்திருக்கக்கூடாது," என்பார். மற்றவர்களை "இருந்து குடியுங்கோ" என்று உபசரித்துவிட்டு, தான் மட்டும் அடுப்புக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டேயிருப்பார். தறி திருத்துகிற ஹைன்ரிஷ்தான் அங்கே அவருக்கு நெருங்கிய சிநேகிதர். அவரோடு சீட்டு விளையாடுவதும் நின்றபடிதான். காலில் சக்கரம் பூட்டிய மனுசன் என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்தப் பகிடியை நான் நிறுத்தியது அறுபத்தாறாம் ஆண்டு ஜூன் ஆறாம் திகதி. அன்று காலை நான் மழையில் நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்தேன். சமையலறை மேசையில் பதினொரு எனாமல் பேணிகளில் தேநீர் ஆவி பறக்க வரிசையாக இருந்தது. அண்ணை களஞ்சிய அறைக்குப் போயிருந்தார். வேலையாட்களுக்கு ஊற்றி வைத்ததாக்கும் என்று நினைத்து, ஒன்றை எடுத்துக் குடித்தேன். பாதி குடிக்கையில் அவர் வந்தார்.

"ஆரடா உன்னைத் தொடச் சொன்னது? படைச்சு வைச்சதை எச்சில் பண்ணிப்போட்டியே," என்று கத்தினார். அதுவரை என்னை 'நீர்' என்று மரியாதையாகச் சொன்னவர். குரல் கேட்டு ஹைன்ரிஷ்கூட ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படையலில் வாய் வைப்பது எப்படிப்பட்ட பிழை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஊரில் படையல் என்றால் வாழையிலை, விளக்கு, செத்தவரின் படம். வெறும் தேத்தண்ணியை யார் படையல் என்று நினைப்பார்கள்?

கோபம் தணிந்ததும் அவரே சொன்னார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனுடைய கப்பல் ஒன்றில் சமையல் உதவிக்குச் சேர்ந்தாராம். அந்தக் கப்பல் பிறகு படையாட்களை ஏற்றுகிற கப்பலாகிவிட்டது. நாற்பத்துநாலாம் ஆண்டு இதே ஜூன் ஆறில், பிரான்சின் நோர்மண்டிக் கரையில் படை இறங்கிய அன்று விடியற்காலையில், கடல் கொந்தளிப்பில் சத்தியெடுத்துக் களைத்த பெடியள் சிலர் சமையலறை யன்னலடியில் வந்து நின்று தேநீர் கேட்டிருக்கிறார்கள்.

"அஞ்சு நிமிசம் பொறுங்கோ எண்டு சொன்னனான் தம்பி. தண்ணி கொதிக்கேல்லை. கொதிக்கிறதுக்குள்ளை கட்டளை வந்திட்டுது. கேத்திலைப் பார்த்துக்கொண்டே படகிலை இறங்கினவங்கள். மத்தியானம் காயப்பட்டவையை ஏத்தி வந்த படகிலை அவங்களிலை ஒருத்தன் கிடந்தான். மற்றவங்கள் எங்கையெண்டு கேட்டன். தலையை ஆட்டினான். பின்னேரம் அவனும் போயிட்டான்."

பெயர் ஒன்றும் தெரியாது. யன்னலடியில் கண்ட முகங்கள் பதினொன்று. அதனால் பதினொரு பேணி. மாலைவரை அப்படியே வைத்திருந்து, பிறகு கொண்டுபோய் வுப்பர் ஆற்றில் ஊற்றிவிட்டு வருவார். படைத்ததைப் பிறகு நாங்கள் குடிக்கலாம்தானே என்று கேட்டேன். "அவங்கள் குடிக்கேல்லை. நாங்கள் எப்பிடிக் குடிக்கிறது?" என்றார்.

இனித்தான் என் பிழை வருகிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத குணம் எனக்கு. காலையில் ஏன் அந்தச் சத்தம் என்று ஹைன்ரிஷ் கேட்டபோது, எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பதினெட்டு வயதில் அதே கரையில், ஜேர்மன் படையில், மண்மூட்டைக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கியோடு கிடந்தவர் அவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் அவரே சொன்னார். பக்கத்தில் கிடந்த ஒட்டோ என்ற சிநேகிதன் அன்று பகல் அவர் மடியிலேயே செத்திருக்கிறான். அதன் பிறகு மூன்று கிழமை ஹைன்ரிஷ் சாப்பாட்டுக்கூடப் பக்கமே வரவில்லை. அண்ணை யன்னலால் பார்ப்பதும் அடுப்புக்குத் திரும்புவதுமாக இருந்தார். காரணத்தை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த வருடம் அதே நாள், ஹைன்ரிஷ் நீல விளிம்பு போட்ட ஒரு பேணியோடு சமையலறைக்குள் வந்தார். "ஒட்டோவுக்கும் ஒன்று ஊற்று, நாயகம். நானும் அங்கேதான் இருந்தேன்," என்றார்.

அண்ணை கேத்திலைக் கீழே வைத்தார். "சுட்டவங்களுக்கு ஊத்த எனக்கு ஏலாது," என்று தமிழில் என்னிடம் சொன்னார். "சொல்லும் அவருக்கு."

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை, கீழே வைத்த கேத்திலைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. ஹைன்ரிஷ் வெறும் பேணியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். பிறகு இருவரும் பழையபடி சீட்டு விளையாடினார்கள், பகிடி விட்டார்கள். ஆனால் எந்த ஜூன் ஆறிலும் ஹைன்ரிஷ் அந்தச் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. அந்த வருடக் கடைசியில் படிப்பு முடிந்து நான் டோர்ட்மண்ட் வந்துவிட்டேன். இரண்டு நல்ல மனிதருக்கு நடுவில் என் நாக்கால் ஒரு முள்ளைத் தைத்துவிட்டு வந்த மன அந்தரம் மட்டும் என்னை விடவில்லை. எப்போது அங்கே போனாலும் இதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று நினைப்பேன். பேசாமலே திரும்புவேன். எட்டு வருடம் அப்படியே ஓடியது. போன மாதம் அண்ணையை அடக்கம் செய்தோம்.

இந்த ஜூன் ஆறுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வுப்பர்டாலுக்குப் போனேன். அவர் செய்ததை யாராவது செய்ய வேண்டும் அல்லவா? ஹைன்ரிஷ் ஆலை முற்றத்தில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்றார். நான் சமையலறை அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டு, அண்ணையின் அலுமாரியைத் திறந்தேன். பேணிகள் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன. எண்ணினேன். பன்னிரண்டு.

கடைசிப் பேணிக்கு நீல விளிம்பு. நிமிர்த்திப் பார்த்தேன். கடும் சாயத் தேநீர் பகல் முழுக்க நின்றால் எனாமலில் ஒரு கறை பிடிக்கும். பல வருடக் கறை, கழுவியும் போகாதது, மற்றப் பதினொன்றிலும் இருந்தது. அதிலும் இருந்தது.

நான் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஹைன்ரிஷின் கையில் கொடுத்தேன். அவர் உள்ளே பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எட்டு வருடம் அவனோடு சீட்டு விளையாடினேன்," என்றார். "ஒரு சொல் சொல்லவில்லையே."

பிறகு அவரே உள்ளே வந்து, மற்றப் பேணிகளை விலக்கி, நடுவில் அதை வைத்தார். தண்ணீர் கொதித்தது. நான் பன்னிரண்டிலும் ஊற்றினேன். மாலையில் இருவருமாக ஆற்றுக்குக் கொண்டுபோனோம்.

நாயகம் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒருவரையும் காத்திருக்க விடாத அவருடைய அந்த அந்தரம்தான். என் வீட்டு மணி அடித்தால் இப்போது நான் கதவுக்குப் போவதில்லை. முதலில் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.