குளிர்மேல் போட்ட பழி

கனடாவில், வின்னிபெக்கில் முதல் குளிர்காலத்தில், வாசலைத் தாண்டி மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருந்த முடி விறைத்து ஊசி ஊசியாகக் குத்தியது. திண்டுக்கல்லுக்குப் பக்கம் அகரத்தில் பிறந்தவளுக்கு மூக்கில் முடி இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி வந்திருந்தேன். பழனிப் பக்கத்துக்காரரான என் கணவர் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார்.

வருஷத்தில் பாதிக்கு மேல் ஸ்வெட்டருக்குள்தான் வாழ்க்கை. மே மாதம் அதைக் கழற்றியபோது கையில் முடி கருகருவென்று அடர்ந்திருந்தது. அடுத்த வருஷம் மோவாயிலும் முளைத்தது. என்னோடு பேக்கரியில் வேலை பார்த்த லிண்டா என் கையைப் பார்த்து, "உனக்கு விண்டர் கோட் வந்துவிட்டது" என்றாள். "ஆமாம், தள்ளுபடியில் வாங்கினோம்" என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மிருகங்களுக்குக் குளிர்காலத்தில் அடர்கிற ரோமத்தை அப்படிச் சொல்வார்கள் என்று வீட்டில் கணவர் விளக்கினார். விளக்கிவிட்டு என் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு போன் போட்டேன். "குளிருக்குத்தான் தாயி. ஆட்டுக்கு மசுரு அடையல? கஸ்தூரி மஞ்சள் அனுப்புறேன், தேச்சுக் குளி" என்றாள் அம்மா. நம்பினேன். ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லாததற்கும் எங்கள் வீட்டில் குளிர்தான் காரணம்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். நடுவயதுப் பெண். "இந்த நாட்டுக் குளிரில்தான் முடி வளர்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆடு, நாய்க்கெல்லாம் பகல்பொழுது குறைவதை ஒட்டி ரோமம் மாறும், குளிருக்காக மனிதருக்கு முடி முளைப்பதில்லை, இது ஹார்மோன் கோளாறு என்றார். மாதவிலக்கு எப்போதிருந்து தவறுகிறது என்று கேட்டார்.

காலேஜ் படித்தபோதே தவறியது. அப்போது அம்மா என்னைத் திண்டுக்கல்லில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி நிற்பதைக் கண்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். "கல்யாணமாகாத பிள்ளைய இங்க பாத்தா என்ன நினைப்பாக?" அப்புறம் எள்ளுருண்டையோடு வைத்தியம் முடிந்தது.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது கணவரும் பக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தெரிஞ்சேதானுங்களே தலையில கட்டுனீங்க?"

அப்பா எங்கள் பூந்தோட்டத்துக் கூலிச் சண்டையில்கூட யாருக்கும் இறங்கிப்போகாத மனுஷர். "தப்பு எங்க மேலதான் மாப்ள, மன்னிச்சிருங்க" என்றார்.

எனக்கு என்ன செய்கிறது, மருந்து இருக்கிறதா என்று அப்பா கேட்கவில்லை. கணவர் பேசியதைவிட அந்த மன்னிப்பைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மாத்திரையில் எனக்கு உடம்பு சீராகத் தொடங்கிய வருஷத்தில் கணவர் விவாகரத்து வாங்கிக்கொண்டார்.

முடி எடுக்கப் போகிற பார்லரில் ஒரு பெண், "வெயில் நாட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டாள். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி கல்யாணம் செம்பட்டியில் நடந்தது. கொளுத்துகிற சித்திரை மாதத்தில் அம்மா எனக்கு முழுக்கை ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். "ஆராச்சும் கேட்டா குளிருன்னு சொல்லிரு." நான் அதைப் போடவில்லை.

பந்திக்குப் போகும்போது அப்பாவின் தங்கை, ஊருக்கு வந்தபிறகு மறுபடி முடி முளைத்திருந்த என் மோவாயைத் திருப்பிப் பார்த்தாள். "ஏத்தா, இம்புட்டு முடி! அங்க அம்புட்டுக் குளிரா?"

"குளிரு இல்ல அத்தை. இங்க இருக்கும்போதே இருந்த சீக்கு. அப்பவே டாக்டர்ட்ட காட்டல."

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். அப்பா தண்ணீர்ச் செம்போடு வேறு பந்திக்குப் போனார். பெண் வீட்டுக்காரி ஒருத்தி பரிமாறிக்கொண்டே வந்தவள், என்னைக் காட்டி, "இவுக ஆரு?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ கனடாக்காரி. நாளைக்குப் போயிருவா."

எனக்கு டிக்கெட் இன்னும் மூன்று வாரம் கழித்து. இலையில் சாம்பார் ஓடி வந்தது. இரண்டு கையாலும் சோற்றை அணை கட்டிக்கொண்டிருந்தேன்.