ஏழுமலையின் பிரேக் ஆயில்

1. கம்பெனியின் கதையைக் கேட்ட நாள்

செங்கல்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே எங்கள் சர்வீஸ் சென்டர் இருந்தது. ஜப்பான் கார் கம்பெனி ஒன்றின் டீலர்ஷிப். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்களைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நான் சொல்ல வந்தது எங்களைப் பற்றி, முக்கியமாக என்னைப் பற்றி.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே சர்வீஸ் அட்வைசராகச் சேர்ந்தேன். படாளத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்திலிருந்து டிப்ளமோ படித்து வந்தவன். முதல் நாளே டை கட்டி, ஏ.சி. ரூமில் உட்கார வைத்து, கம்பெனியின் வரலாற்றைச் சொன்னார்கள். போருக்குப் பிறகு அந்த நாட்டில் ஒன்றுமே இல்லை. அவர்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் கார்களைப் பார்த்து அங்கே எல்லோரும் சிரித்தார்கள். மேட்டில் ஏறாது, நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடாகி நின்றுவிடும். கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டும் பேனாவுமாக வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், என்ன கோளாறு என்று கேட்டு எழுதிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்களாம். அடுத்தடுத்த மாடல்களில் அந்தக் கோளாறுகள் குறைந்தன. பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் சிரித்தவர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள்.

டிரெயினிங் கொடுத்தவர், வண்டி சர்வீஸுக்கு வந்ததும் நிரப்புகிற ஜாப் கார்டில் ஒரு கட்டத்தைக் காட்டினார். "கஸ்டமர் என்ன சொல்றாரோ, அவர் வார்த்தையிலயே இங்க எழுதணும். நீங்க திருத்தக் கூடாது" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் ஃப்ளோருக்குப் போனதும் ஒர்க்ஸ் மேனேஜர் கோபிநாத் என் டையைப் பார்த்துச் சிரித்தார். பத்து வருஷம் வெவ்வேறு கம்பெனி வண்டிகளோடு மாரடித்துவிட்டு இங்கே வந்தவர்.

"இன்னாப்பா தாமு, கிளாஸ்லாம் முடிஞ்சுதா? ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. இந்த வண்டிக்கு கம்ப்ளைண்டே வராது. வந்துச்சுன்னா அது டிரைவர் பண்ற வேலை. அத வச்சுகினு எழுது, தப்பே வராது."

ஏ.சி. ரூமில் கேட்டதை மறக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

2. கண்ணாடி அலமாரி

வண்டியின் ஏதாவது ஒரு பாகத்தில் கோளாறு இருப்பதாகத் தெரிந்தால் ஃபீல்டு ரிப்போர்ட் என்று ஒன்று எழுத வேண்டும். ரோஸ் நிற ஃபாரம், மூன்று காப்பி. அது ரீஜனல் ஆபீஸ் வழியாக ஜப்பான் வரைக்கும் போகும். போனால் திரும்பி இருபது கேள்வி வரும். பாகத்தைப் பத்திரமாகப் பெட்டி கட்டி அனுப்பு, போட்டோ எடு, ஏன் என்று கேள், அதற்கு ஏன் என்று இன்னொரு தரம் கேள். உயிரை வாங்கிவிடுவார்கள். அதனால் நாங்கள் எழுதுவதில்லை. வண்டியைப் பார்த்து, ஏதாவது செய்து, கார்டில் 'என்.டி.எஃப்.' என்று மூன்று எழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். கோளாறு எதுவும் தென்படவில்லை என்று அதற்கு அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரிப்போர்ட்டே அனுப்பாத டீலருக்கு ரீஜனல் ஆபீஸில் ஷீல்டு கொடுத்தார்கள். ஜப்பான்காரன் கேட்டது கோளாறை. நம்ம ஆட்கள் பரிசு கொடுத்தது கோளாறே இல்லை என்று சொன்னவனுக்கு. ரிசப்ஷனில் கண்ணாடி அலமாரி செய்து ஷீல்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். கஸ்டமர்கள் காபி குடித்துக்கொண்டே அவற்றைப் பார்ப்பார்கள். பார்க்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

3. மூன்று தடவை வந்தவர்

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ரிசார்ட் ஒன்றில் எங்கள் கம்பெனி வண்டிகள் ஓடின. வெளிநாட்டுக்காரர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவது, கோயில், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை என்று சுற்றிக் காட்டுவது. அதில் ஒரு வண்டிக்கு டிரைவர் ஏழுமலை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார். காலையில் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து இன்ஜின் ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார் என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒரு நாள் வந்தார். "சார், பிரேக் ஆயில் இறங்குது."

"பிரேக் பேடு தேய்ஞ்சா லெவல் கொஞ்சம் இறங்கும், ஏழுமலை. அது சகஜம்" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். ஆயிலை ஊற்றினோம். கார்டில் 'டாப் அப் செய்யப்பட்டது. என்.டி.எஃப்.' என்று எழுதினேன்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். "இது பேடு இல்ல சார். மூணு நாளைக்கு ஒரு தபா ஊத்திகினு கீறேன். எங்கியோ போவுது."

மெக்கானிக் வண்டியை ரேம்ப்பில் ஏற்றிப் பின்பக்கம் பிரித்துப் பார்க்கலாம் என்றான். கோபிநாத் தடுத்தார். "இந்த கம்பெனி வண்டில லீக்கா? ரேம்ப்பு காலியா கீதா உனக்கு? ஊத்தி அனுப்புப்பா." ஊற்றினோம். அதே வரியை மறுபடி எழுதினேன்.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் சட்டை முதுகெல்லாம் மணல்.

"நானே அடில படுத்து பாத்தேன் சார். இடது பக்கம், பின் வீலுக்கு மேல, பைப்ப புடிச்சுகினு ஒரு கிளிப்பு கீது. அதுக்குள்ள மண்ணு அடைச்சிகினு ஈரமா கீது. தொட்டு மோந்து பாத்தேன், ஆயில் வாசன."

"வாஷிங் தண்ணியா இருக்கும்."

"தண்ணிக்கு வாசன ஏது சார்? தண்ணிக்கும் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டிய கட்டம் என் பேனாவுக்கு நேர் கீழே இருந்தது. எழுதினால் வண்டியைப் பிரிக்க வேண்டும். பிரித்து லீக் இருந்தால் ரோஸ் ஃபாரம் போட வேண்டும். போட்டால் அந்த வருஷம் ஷீல்டு கிடையாது. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வேலை போய்விடும் என்று யாரும் என்னை மிரட்டவில்லை. மேனேஜரின் முகச்சுளிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 'டாப் அப் செய்யப்பட்டது. என்.டி.எஃப்.'

4. ஆயில் இல்லை என்பது உண்மை

இரண்டு வாரம் கழித்து, கோட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு வெளிநாட்டுக்காரர்களோடு திரும்பும்போது, மாமல்லபுரத்துக்குள் நுழைகிற இடத்தில் முன்னால் போன பஸ் நின்றது. ஏழுமலை பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பஸ்ஸில் மோதாமல் இடது பக்கம் ஒடித்ததில் வண்டி ஒரு சிற்பக் கொட்டகைக்குள் ஏறி, செதுக்கி வைத்திருந்த நந்திகளின் மேல் மோதி நின்றது. வண்டியில் இருந்த வெளிநாட்டு அம்மாளுக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. ஏழுமலைக்கு நெற்றியில் தையல்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். அன்றைக்குத்தான் அது ரேம்ப்பில் ஏறியது. அவர் சொன்ன அதே இடம், அதே கிளிப். கடல் மணலும் உப்பும் உள்ளே அடைத்துக்கொண்டு, எப்போதும் ஈரமாக இருந்து, பைப்பைத் துருவாக்கித் தின்றிருந்தது. விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது.

ரிசார்ட்டிலிருந்து கடிதம் வந்தது. விபத்துக்குக் காரணம் வண்டியா, டிரைவரா என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். வண்டி என்றால் ஏழுமலை வேலையில் இருப்பார். டிரைவர் என்றால் வெளியே.

கோபிநாத் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"உலகம் பூரா ஓடற வண்டி. பிரேக் பைப்பு ஓட்டையாச்சுன்னு செங்கல்பட்டுல ஒருத்தன் எழுதிக் குடுத்தா இன்னா ஆவும்னு யோசி. ஆயில் லெவல் பாக்காம ஓட்டிகினு இருந்தான்னு எழுது. டப்பால ஆயில் இல்ல, அது உண்மைதானே?"

"பைப்பு சார்?"

"புதுசு போட்டாச்சு. பழசு ஸ்க்ராப்ல போயிடுச்சு."

உண்மையைப் போலவே இருக்கிற பொய்யை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். 'பிரேக் ஆயில் அளவு பராமரிக்கப்படவில்லை. பயன்படுத்துபவரின் கவனக்குறைவு.' என் கையெழுத்து. கூடவே அந்த மூன்று ஜாப் கார்டுகளின் காப்பியும் போனது. ரிசார்ட்டில் அதைப் படித்தவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள்? இந்த ஆள் மூன்று தடவை ஆயிலைத் தீரவிட்டு வந்திருக்கிறான், நாலாவது தடவை வராமலேயே ஓட்டிவிட்டான் என்றுதானே. அவர் எங்களை எச்சரிக்க வந்த மூன்று நாளும் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டன.

வேலை போனதும், நெற்றியில் பிளாஸ்திரியோடு ஏழுமலை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து மெக்கானிக்குகளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

"சார், அந்தக் கிளிப்பு சமாச்சாரம் நான் சொன்னேன்ல, அது கார்டுல கீதா?"

"கார்டுல ஆயில் ஊத்துனதுதான் இருக்கு, ஏழுமலை."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

5. எனக்குக் கிடைத்த வணக்கம்

இரண்டு வருஷம் போயிருக்கும். ஜப்பானிலிருந்து மொரிதா என்று ஓர் எஞ்சினியர், மொழிபெயர்க்க ஒரு பெண்ணோடு, வந்து இறங்கினார். கோபிநாத் மாலை போட்டு நேராகக் கண்ணாடி அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மொரிதா ஷீல்டுகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏதோ சொன்னார். அந்தப் பெண் சொன்னாள்:

"கடல் பக்கத்துல வண்டி ஓடற எல்லா ஊர்லேருந்தும் துரு பத்தி ரிப்போர்ட் வந்திருக்காம். உங்க ஊர்லேருந்து மட்டும் ஒண்ணுகூட வரலையாம். அதான் பயந்துபோய் வந்திருக்கேன்னு சொல்றாரு."

சர்வீஸுக்கு வந்திருந்த மாமல்லபுரம் வண்டிகளைக் கேட்டார். தரையில் அட்டையை விரித்து, கோட்டோடு மல்லாந்து படுத்து அடியில் போனார். மூன்றாவது வண்டியிலேயே கிளிப்பைப் பிடித்துவிட்டார். வெளியே வந்து துரு படிந்த விரலைக் காட்டி, "இதை இங்கே முதலில் பார்த்தவர் யார்?" என்று கேட்டார்.

கோபிநாத் என் தோளில் கை வைத்தார். "நம்ம தாமுதான் சார். ரொம்ப நாளா சொல்லிகினே இருந்தாரு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். இன்னொரு மனிதரின் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மொரிதா என் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் திருப்பிக் குனிந்தேன்.

கடற்கரை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பைப்பும் கிளிப்பும் இலவசமாக மாற்றச் சொல்லி ஆர்டர் வந்தது. யாரும் கேட்காமலே மாற்றிக் கொடுத்தோம். "தப்ப ஒத்துகினு சரி பண்றான் பாரு, அதான்யா ஜப்பான்காரன்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கம்பெனியின் பெயர் இன்னும் ஒரு படி ஏறியது. அந்தப் பெயருக்கு அவர்கள் தகுதியானவர்கள்தான். கெட்ட செய்தியைத் தேடி கடல் தாண்டி வந்து மண்ணில் படுத்த மனுஷன் அவர். அவர்கள் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்களுக்கே பொய் சொன்னது நாங்கள். அட்வைசர் சீட்டில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, டிரைவர் சொல்வதைத் திருத்தாதீர்கள். உங்களைவிட அவருக்கு அந்த வண்டியைத் தெரியும்.

6. சதுரங்கப்பட்டினம்

மொரிதா போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையைத் தேடிக்கொண்டு போனேன். சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்கிக்கொண்டிருந்தார். தோளில் கோணிப்பை, கை விரலெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. என்னைப் பார்த்ததும் பாளத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"வாங்க சார். மீனு எதுனா வாங்க வந்தீங்களா?"

இல்லை என்றேன். வேறு யாரும் டிரைவர் வேலை கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"கூப்ட்டாங்க சார், ரெண்டு மூணு பேரு. நான்தான் போவல."

எல்லாவற்றையும் சொன்னேன். பைப்பு, கிளிப், நான் எழுதியது, ஜப்பான்காரர் கண்டுபிடித்தது, அவர் என்னை வணங்கியது வரைக்கும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன். அவர் கோணிப்பையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவ்ளோ பெரிய கம்பெனி வண்டி. படிச்சவங்க நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. நான்தான் அன்னிக்கு பாக்காம எடுத்துட்டேன் போலன்னு நெனச்சிகினேன் சார். மறதி வந்துடுச்சு, இனிமே நம்பள நம்பி ஆள ஏத்தக் கூடாதுன்னு ஸ்டீரிங்க தொடவே இல்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அப்போ, நான் தெனம் காலைல பாத்துகினுதான் இருந்தேன், இல்ல சார்?"

"பாத்தீங்க, ஏழுமலை" என்றேன்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் பாளத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.