வாய்விட்டுப் படிக்கக் கூடாத வீடு

நெய்வேலியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த புதிதில் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அப்பா தூங்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து, காதோரத்தில் கரித்தூளோடு காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அதுவரை நானும் அம்மாவும் கைஜாடையில் பேசிக்கொள்வோம். குழம்பைக்கூட அம்மா அவர் எழுந்த பிறகுதான் தாளிப்பாள். கடுகு வெடித்தால் அப்பா புரண்டு படுப்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்திப் படித்தே பழகிய சித்தி, ஒரு தகரப் பெட்டியும் புத்தகக் கட்டுமாக வந்து இறங்கினாள்.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போன முதல் பெண் அவள்தான். போனவள் பரீட்சையில் தவறிவிட்டாள். இரவு பகலாகப் படித்தவள்தான். கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லையாம். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அதோடு படிப்புப் பேச்சை முடித்துவிட்டார். மனைவியை இழந்த ஒரு முந்திரிக்கொட்டை வியாபாரிக்குச் சித்தியைக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அம்மா ஊருக்குப் போய் மாமா வாசலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தாள். கடைசியில் மாமா இறங்கி வந்தார்.

"சரி, இன்னொரு தபா எழுதட்டும். அதுலயும் கோட்டை வுட்டா தை மாசம் கல்யாணம். அப்ப நீ குறுக்க வரக் கூடாது."

அன்றைக்கே பஸ் ஏறி, அம்மா சித்தியை அழைத்து வந்துவிட்டாள். இந்தச் சங்கதியெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகு தெரிந்தது. அப்போது, என்னோடு விளையாடுவதற்காகவே ஊரிலிருந்து ஓர் ஆளை வரவழைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திக்கு மனதுக்குள் படிக்கத் தெரியவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். சற்று நேரத்தில் உதடு நின்றுவிடும். கண் சுவரில் இருக்கும். நான் போய்த் தொட்டால் திடுக்கிட்டு, அதே பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். ஒரு நாள் அடுப்படியில் அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

"கண்ணு எழுத்து மேல ஓடுதுக்கா. மனசு மட்டும் அந்த முந்திரிக்காரன் வூட்டு வாசல்ல போயி நிக்குது."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என்னைக் காட்டி, "இவளை இட்டுக்கினு பின்னாடி முருங்கை மரத்தாண்ட போயி உக்காரு. அங்க மெதுவா வாய்விட்டுப் படிச்சிக்கோ" என்றாள்.

மரத்தடியில் சித்தி முணுமுணுவென்று படித்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. கதை சொல்லு, கதை சொல்லு என்று அவள் முழங்காலைப் பிடித்து ஆட்டினேன்.

"என்கிட்ட ஏதுடி கதை? இந்தப் பாடந்தான் இருக்குது" என்றாள்.

"அதையே சொல்லு."

புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு சொன்னாள். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு பெரிய காடு இருந்தது. அந்தக் காடு மண்ணுக்குள் புதைந்துபோனது. மேலே மண்ணும் தண்ணீரும் அழுத்த அழுத்த, மரமெல்லாம் பழுப்பு நிலக்கரி ஆகிவிட்டது. அதைத்தான் அப்பா தினமும் போய் வெட்டுகிறார். நான் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "அந்தக் காட்டுல இருந்த கிளியெல்லாம் எங்க போச்சி?" என்றேன். சித்தி புத்தகத்தைத் திறந்து தேடிப் பார்த்தாள். அதில் கிளியைப் பற்றி ஒன்றுமில்லை.

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பாடத்தை அவள் அம்மாவிடம் ஒரு வரி விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியம்.

"நான் இதை உருவே போடலக்கா. எப்படிக்கா நிக்குது?"

அன்று முதல் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடுவேன். சித்தி ஒரு பக்கம் படிப்பாள், மூடுவாள், எனக்குச் சொல்வாள். எனக்குப் புரியாத இடத்தில் அவளும் தடுமாறுவாள். உடனே புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்வாள். இதயத்துக்கு அறைகள் உண்டு என்றதும் அந்த அறைகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எந்த வீட்டுச் சித்தியும் அவ்வளவு கதை சொல்லியிருக்க மாட்டாள். அத்தனையும் எனக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்பினேன்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மை போட்டுவிட்டது.

உள்ளறையில் வேப்பிலையைப் பரப்பி என்னைக் கிடத்தினார்கள். அப்பாவின் படுக்கை முன்னறைக்குப் போனது. சித்திக்கு அம்மை வந்ததே இல்லை. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வாசப்படியைத் தாண்டி வரக் கூடாது நீ. உனக்கும் வந்துட்டா எல்லாம் போச்சி."

சித்தியைப் பார்க்காமல் நான் அழுதேன். உடம்பு எரிச்சலைவிட அதுதான் பெரிதாக இருந்தது. மறுநாள் பின்பக்கத்து ஜன்னலை யாரோ மெல்லத் தட்டினார்கள். வெளிச்சத்தில் கண் கூசும் என்று கதவைச் சாத்தியிருந்ததால் ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"தூங்கறியாடி? பருவக்காத்துப் பாடம் சொல்லட்டுமா?"

புரட்டாசி மழை தொடங்கியிருந்தது. சித்தி ஒரு கையில் குடையும் ஒரு கையில் புத்தகமுமாக ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள். தென்மேற்கிலிருந்து காற்று வருகிறது, மலை தடுக்கிறது, மலைக்கு அந்தப் பக்கமே மழை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. குடை மேல் மழை விழும் சத்தமும் அவள் குரலும் சேர்ந்து கேட்கும். காய்ச்சலில் எனக்குப் பாதி விளங்காது. அப்படியே கண் சொக்கிப் போகும். குரல் நின்றால் விழித்துக்கொள்வேன்.

நான் கேள்வி கேட்காத இடத்தில் அம்மா கேட்கத் தொடங்கினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் உடம்பைத் தடவிக்கொண்டே கேட்பாள்.

"அப்ப நமக்கு மழை எங்கேருந்து வருதாம்?"

"அது திரும்பி வர்ற காத்துக்கா. வடகிழக்கு."

"திரும்பி வரும்போது கடல் மேல வருதா? அதான் ஐப்பசியில இந்தக் கொட்டு கொட்டுதா?"

வெளியே சித்தி புத்தகத்தைப் புரட்டுவது கேட்கும். "ஆமாங்க்கா. நான் இதைச் சொல்லாம வுட்டுட்டேன்" என்பாள்.

மற்றொரு நாள் சித்தி இரத்த ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டாள்.

"இரு, இரு. போன வாரம் நீ வலப்பக்கம்னு சொன்னே. இப்ப இடப்பக்கம்ங்கறியே."

போன வாரம் அந்தப் பாடத்தைச் சித்தி எனக்குத்தான் மரத்தடியில் சொன்னாள். அம்மா அப்போது சற்றுத் தள்ளித் துணி அலசிக்கொண்டிருந்தாள். சித்தி புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படிக்கா ஒரே தபாவுல நிக்குது?"

அம்மா என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ பொறந்ததும் அம்மா களை எடுக்கப் பூட்டாங்க. என்னைப் பள்ளிக்கூடத்தை வுட்டு நிறுத்திட்டாங்க. உன்னை இடுப்புல வச்சிக்கினு போயி ஜன்னலாண்ட நின்னு கேப்பேன். நீ சிணுங்கினா வாத்தியாரு தொரத்திடுவாரு. நீ எப்ப சிணுங்குவேன்னு யாருக்குத் தெரியும்? அதான், சொல்லும்போதே புடிச்சி வச்சிக்குவேன்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சித்தியிடமிருந்து பதிலே வரவில்லை. போய்விட்டாளோ என்று நான் "சித்தி!" என்று கத்தினேன். "இங்கதான்டி இருக்கேன்" என்றது குரல். சளி பிடித்த குரலாக இருந்தது. மழையில் நின்று நின்று தொண்டை கட்டிக்கொண்டது என்று எண்ணினேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை வெளியே விட்டதும் நேராக மரத்தடிக்குத்தான் ஓடினேன். அங்கே சித்தி இல்லை. அடுப்படியில் இருந்தாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருக்க, சித்தி குந்தி உட்கார்ந்து, மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். சித்தி என் தலையைத் தடவினாள். ஆனால் முகம் அம்மாவைப் பார்த்தே இருந்தது. அம்மா கேட்ட கேள்விகளில் கிளி இல்லை, குடியிருப்பவர்கள் இல்லை. என் உத்தியோகத்தை அம்மா பறித்துக்கொண்டாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று வேண்டுமென்றே சொம்பைத் தரையில் போட்டேன். உள்ளே அப்பா புரண்டு படுத்தார். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அப்பாவின் குறட்டை மறுபடி தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பரீட்சை கடலூரில். சித்தி விடியற்காலையில் வடலூர் வழியாகப் பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா அவள் பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, "என்னா கேட்டான்? படி, படி" என்பாள். சித்தி படிப்பாள். அம்மா பதில் சொல்வாள். அதையே எழுதினாயா என்று கேட்பாள். தலையாட்டினால் அடுத்த கேள்வி. ஒரு நாள், "அவளை முதல்ல சாப்பிட வுடு" என்று அப்பாவே சொல்லும்படி ஆயிற்று.

முடிவு வந்த அன்று எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வீட்டில்தான் பேப்பர் வாங்குவார்கள். சித்தியின் எண்ணை அவர் விரல் வைத்துக் காட்டினார். "பாஸாயிட்டா! உங்க தங்கச்சி பாஸாயிட்டாம்மா!" என்றார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வாழ்க்கையில் முதன்முறையாக அதை மறந்து "என்னாங்க!" என்று உரக்கக் கூப்பிட்டாள். அப்பா பதறி எழுந்து வந்து, விஷயம் தெரிந்ததும், திட்டாமல் சித்தியின் தலையில் கையை வைத்தார்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதம் கல்யாணம் நடக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் சித்தி அதே தகரப் பெட்டியோடு விடுதிக்குப் போனாள். பஸ் நிற்கும் இடத்தில் நான் அவள் முந்தானையை விடவில்லை. அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அதற்குப் பிறகு வீடு பழையபடி ஊமையாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். முருங்கைப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளே வந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

என்னைக் கண்டதும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏண்டி, காந்தத்தை ரெண்டா ஒடைச்சா என்னா ஆவும்னு சித்தி உன்கிட்ட சொன்னாளா? வடக்கு ஒரு துண்டு, தெற்கு ஒரு துண்டுன்னு தனித்தனியா பூடுமா? அவ கௌம்பற அவசரத்துல நான் கேக்க மறந்துட்டேன்."

பாவம், அம்மாவுக்கும் சித்தி ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா. லீவுக்குச் சித்தி வந்துடுவா" என்றேன்.

அம்மா அழவில்லை. கழுத்திலிருந்து என் கைகளை மெல்ல எடுத்தாள். பிறகு, "ஆமாமா, வந்துடுவா" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து விறகைப் பின்னால் இழுத்தாள்.