டீச் சங்கும் முடியாத சண்டையும்

எங்கள் பனியன் கம்பெனியில் டீ நேரத்துக்குச் சங்கு ஊதும். சங்கு என்றால் சைரன்தான். ஊதியதும் மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் ரோட்டோரக் கடைக்குப் போவோம். எதற்கு ஊதுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. திருப்பூரில் வேலை பார்த்த உடம்பு, சங்குச் சத்தம் கேட்டால் தானாகவே டீயைத் தேடும். அந்தப் பழக்கம்தான் அன்று என் உயிரை எடுத்தது.

என் வீட்டுக்காரர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். தென்கொரியாவிலிருந்து புது மிஷின் வாங்கிய முதலாளி, அதைப் பழகிக்கொண்டு வரச் சொல்லி அவரை அங்கே அனுப்பிவைத்தார். நானும் வலியப் போய் நாலு பேரிடம் பெருமையடித்தேன்.

அவர் போன மறுவாரம், ஊத்துக்குளியிலிருந்து வரும் கம்பெனி வேனில் உட்கார்ந்து மொபைலில் ஒரு வீடியோ பார்த்தேன். முடித்துவைக்க மறந்துபோன போர்களைப் பற்றியது. ரோமும் கார்த்தேஜும் அடித்துக்கொண்டு ஊரே அழிந்த பிறகு, சமாதானம் எழுதவில்லை என்று இரண்டாயிரம் வருடம் கழித்து இரண்டு ஊர் மேயர்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்களாம். வேலையற்றவர்கள் என்று சிரித்தேன். அடுத்ததாகக் கொரியா வந்தது. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த போரில், சுடுவதை நிறுத்தத்தான் கையெழுத்தாம். சமாதானத்துக்கு இன்றுவரை இல்லையாம். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவர் போயிருப்பது அந்தத் தெற்குக்குத்தான்.

அன்று டீக்குச் சங்கு ஊதியதும் கடைக்குப் போகாமல், கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

“மாமா, அங்க சண்டை இன்னும் முடியலையாமுங்க. தெரியுமுங்களா?”

“ஆரு சொன்னா? இங்க அவங்கவங்க பாட்டுக்கு வேலையப் பாத்துட்டு இருக்கறாங்க.”

அவர் சொல்லி வாயை மூடவில்லை, போனுக்குள் சங்கு ஊதியது. ஏறி இறங்கி ஏறியது. அவர் முகம் மலர்ந்தது.

“அட, இங்கயும் சங்கு ஊதறாங்க புள்ள. டீக்குத்தானாட்ட இருக்குது.”

போனைக் கையில் பிடித்தபடியே வெளியே நடந்தார். ரோடு தெரிந்தது. கார்கள் ஓரமாக நின்றிருந்தன. ஒரு பஸ் அப்படியே நின்றிருந்தது. தூரத்தில் சிலர் வேகவேகமாகப் படியிறங்கிப் பூமிக்கடியில் போனார்கள். பிறகு ரோட்டில் ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் நின்று டீக்கடை தேடினார்.

“மாமா, உள்ள போங்க. அது டீச் சங்கு இல்லீங்க. உள்ள போங்க மாமா.”

“கடையவே காணமே…”

சிவில் உடுப்பில், கையில் பட்டை கட்டிய ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார். படம் குலுங்கியது. லைன் அறுந்தது.

மறுபடி மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. செக்கிங் டேபிளுக்குத் திரும்பினேன். கை தன்பாட்டுக்கு ஓட்டைப் பீஸையும் நல்ல பீஸையும் ஒன்றாகவே அடுக்கியது. பக்கத்து டேபிளில் இருந்த தூத்துக்குடி அக்கா, “அழாத தாயி, ஒண்ணும் ஆவாது” என்று முதுகைத் தடவினாள். அவள் அப்படிச் சொன்னதுமே எனக்கு இன்னும் பயமானது. தாலியைப் பிடித்துக்கொண்டு அவிநாசி ஈஸ்வரனைக் கூப்பிட்டேன். மனதில் அந்த வெறும் ரோடுதான் நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“நம்ம ஃபயர் ட்ரில்லாட்டமா புள்ள. குண்டு விழுந்தா எங்க ஒளியறதுன்னு பழகறாங்களாமா. காலைலயே சொன்னாங்களாமா. பாஷை புரிஞ்சாத்தான?”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும்போதே அழுதேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நெசமா வந்தா எப்படி ஊதுவீங்கன்னு கேட்டேன் புள்ள.”

“என்ன சொன்னாங்க?”

“இதே சங்குதானாமா.”

மறுநாள் எங்கள் கம்பெனியில் டீக்குச் சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்து பேசிக்கொண்டே வெளியே போனார்கள். நான் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்தேன்.

“மாமா, உள்ளதான இருக்கறீங்க?”

“உள்ளதான் இருக்கறேன். இங்க ஒண்ணும் ஊதலையே புள்ள.”

“இங்க ஊதுதுங்க மாமா” என்றேன்.