அச்சம்மாவின் குரலில் இருந்தவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, குனோங் ராபாட் முதியோர் இல்லத்தின் சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். முந்தின இரவு அச்சம்மாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் கோமதி அக்கா பேசிவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"அச்சம்மா போயிட்டாங்கம்மா" என்றார். பிறகு, "இனி மணியம் தாத்தாவ யாரு சாப்பிட வைக்கிறது?" என்றார். அழுகைக்கு முன்பே எங்கள் இருவருக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. அச்சம்மாவை இல்லத்துக்கு வெளியே அறிந்த உங்களுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நான் இங்கே வேலைக்கு வந்த முதல் வாரம். பகல் பதினொரு மணி இருக்கும். அச்சம்மாவின் அறையில் சண்டைச் சத்தம் கேட்டது. ஓர் ஆண் அதட்டினான். ஒரு பெண் கெஞ்சினாள். ஒரு கிழவன் இருமிக்கொண்டே சிரித்தான். உள்ளே போனால் அச்சம்மா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கைப்பேசியில் பழைய கறுப்பு வெள்ளைத் தெலுங்குப் படம் ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த தண்ணீர்க் குவளையை நழுவவிட்டேன்.

"பயப்படாத. இவங்கள்ல யாருமே இப்ப உயிரோட இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாகான் டத்தோ பக்கத்தில் அச்சம்மா வளர்ந்த தோட்டத்தில், தெலுங்குக் குடும்பங்களுக்காகத் திடலில் துணி கட்டித் தெலுங்குப் படம் காட்டுவார்களாம். தமிழ் ஆட்களுக்கு வசனம் புரியாது. பன்னிரண்டு வயது அச்சம்மாவுக்கு இரண்டு மொழியும் வரும். துணிக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் அவரே தமிழில் பேசினார். நடிகர்களின் குரல் அவருக்கு வரவில்லை; தெரிந்த குரல்களைப் போட்டார். ராஜகுமாரிக்குப் பக்கத்து வீட்டு லெட்சுமியின் குரல். மந்திரவாதிக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் குரல். கொஞ்ச நாளில் தெலுங்குக்காரர்களே படத்தின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்களாம்.

கிராணி கோபமாக வீட்டுக்கே வந்துவிட்டாராம். "ஒரு தடவையாச்சும் என்னை ராஜாவாக்கு லா! எம்பொண்டாட்டியே மந்திரவாதின்னு கூப்பிடுறா."

அவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். குரல்கள் அச்சம்மாவிடம் இருந்தன.

மணியம் தாத்தா அந்த லெட்சுமியின் கணவர். போன வருடம் தெலுக் இந்தானிலிருந்து மகன் கொண்டுவந்து விட்டார். வந்த சில நாளில் தாத்தா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அன்று மத்தியானம் அச்சம்மா கைப்பேசியை அவர் முன்னால் வைத்தார். ராஜகுமாரி புருஷனுக்கு இலை போடும் காட்சி. அச்சம்மா அவர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். திரையில் உதடு அசைந்தது.

"எவ்ளோ நேரம் இலையவே பாத்துக்கிட்டு இருப்பீங்க? ரசம் ஆறுது."

தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. நான் நீட்டிய கரண்டிக்கு வாயைத் திறந்தார். அதன் பிறகு தினமும் அந்தக் காட்சிதான்.

ஒருநாள் அவர் திரையைப் பார்த்துக் கேட்டார்: "லெட்சுமி, என்னை எப்ப கூட்டிட்டுப் போவ?"

ராஜகுமாரி வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். அச்சம்மா தலையை அசைத்து மறுத்தார். உதடு மறுபடி அசைந்தபோதுதான், "இன்னும் ரெண்டு வாய்தான், சாப்பிடுங்க" என்றார்.

சமையலறைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "உதடு அசையிற நேரத்துக்குத்தான் நாம பேசணும். மூடின வாய்க்கு நாம பேசக்கூடாது. அங்க யாரு பேசுவாங்கன்னு நமக்குத் தெரியாது."

அன்று மாலை, லெட்சுமி பதில் சொல்லிவிட்டாள் என்று மணியம் தாத்தா கோமதி அக்காவிடம் சொன்னார். என்ன பதில் என்று சொல்லவில்லை.

அச்சம்மா இறந்ததை அவரிடம் மறைக்கவில்லை. கேட்டுத் தலையாட்டினார். செவ்வாயும் புதனும் தட்டைத் தள்ளிவிட்டார். வியாழக்கிழமை கோமதி அக்கா என் கையில் கைப்பேசியைக் கொடுத்தார். "நீயாச்சும் பேசிப் பாரும்மா. நீ வாயத் தொறந்தே நான் பாத்ததில்ல, இன்னிக்குத் தொற."

நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். லெட்சுமியை நான் பார்த்ததே இல்லை. அவர் குரலை அச்சம்மாவின் வாயில்தான் கேட்டிருக்கிறேன். உதடு அசைந்தது. ரசம் ஆறுது என்றேன்.

தாத்தா முதல் தடவையாகத் திரும்பினார். என்னை வெகுநேரம் பார்த்தார்.

"லெட்சுமி இல்ல" என்றார். பிறகு, "ஏன் அச்சம்மா, தொண்ட கட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

அச்சம்மாவின் சேலைகளைக் கோமதி அக்கா பங்கிட்டார். எனக்கு வேண்டாம் என்றேன். மத்தியானத்தில் அரை மணி நேரம் அச்சம்மாவின் குரல் என்னிடம் இருக்கிறது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. தனியாக இருக்கும்போது அந்தக் குரலைக் கூப்பிட்டுப் பார்க்கவும் துணிவில்லை. மணியம் தாத்தா சாப்பிடுகிறார்.