சூடாகாத டப்பா

எங்கள் வீட்டில் பகலில் தூங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். என் அப்பா. மேலூர் போகிற வழியில் கிரானைட் பலகைகளை அடுக்கி வைத்திருக்கும் ஒரு யார்டில் இரவு வாட்ச்மேன். ஒரு பலகையை அசைக்கவே கிரேன் வேண்டும். அதை எந்தத் திருடன் தோளில் போட்டுக்கொண்டு ஓடப்போகிறான் என்று எனக்கு இதுவரை விளங்கியதில்லை. ஆனாலும் முதலாளிக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை இல்லை, அந்த நம்பிக்கையின்மையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. காலை ஏழு மணிக்கு அப்பா வருவார். குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் பாயை விரிப்பார். மதியம் இரண்டு வரை தூங்கினால்தான் அன்றிரவு அவரால் விழித்திருக்க முடியும்.

வண்டியூரில் நாங்கள் குடியிருப்பது ஒரு மாடி போர்ஷன். ஒரே அறை, அதை ஒட்டி ஓர் அடுப்படி, தலைக்கு மேல் வெயிலை வாங்கி எங்களிடம் பத்திரமாக ஒப்படைக்கும் கான்கிரீட். அந்த ஒரே அறைதான் அப்பாவின் படுக்கையறை, அம்மாவின் சாமி அறை, என் அலுவலகம். வீடு கட்டும் இன்ஜினியர்களுக்கு நான் எலிவேஷன் படம் செய்து கொடுக்கிறேன். அஸ்திவாரமே தோண்டாத வீட்டை, கட்டி முடித்து வெள்ளையடித்து வாசலில் வெளிநாட்டுக் கார் நிற்கிற மாதிரி காட்டுவது என் தொழில். ஒன்றரை சென்ட் இடத்தில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கமும் புல்வெளி போட்டுத் தருவேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் புல்வெளியில் குடியிருப்பதைப் படத்தில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பள்ளிக்கூடத்தை அவர்கள் பார்த்ததெல்லாம் ஓட்டுப் போடப் போனபோதுதான். ஆகவே என் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மதிப்பெண்ணை யாரும் கேட்காமலே சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. வெப்பம் பற்றிய பாடத்தில் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

படத்தை வரைந்து முடித்ததும், வெயில் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதைப் புகைப்படம் மாதிரி ஆக்கித் தர வேண்டும். அதை ரெண்டர் என்போம். என் பழைய லேப்டாப்பில் ரெண்டர் ஆரம்பித்தால் அது சூடாகி, உள்ளே இருக்கும் ஃபேன் மிக்சியில் கொட்டைப்பாக்கைப் போட்டு அரைக்கிற மாதிரி கத்தும். அப்பா கண்ணைத் திறப்பார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு புரண்டு படுப்பார். கால் மணி நேரத்தில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெப்பக்குளம் பக்கம் காற்றாக இருக்கும் என்று கிளம்பிவிடுவார். பகல் பதினொரு மணிக்கு அங்கே என்ன காற்று வீசும் என்பது மதுரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அதனால் சத்தமே போடாத ஒரு கம்ப்யூட்டரை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். அப்பாவுக்காக என்று சொல்லவில்லை. தொழிலை விரிவாக்குகிறேன் என்று சொன்னேன். படித்த பெண் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும் ஊர்க்காரர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைக் குளிர வைப்பது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். நானும் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால் கத்தும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அதே காற்றைச் சத்தமில்லாமல் தள்ளும். பாகங்களை உள்ளே பூட்டும் டப்பாவின், அதாவது கேபினட்டின், முன்பக்கம் வலையாக இருந்தால் காற்று திணறாது. முன்னால் குளிர்ந்த காற்று நுழைந்து பின்னால் சூடான காற்று வெளியேற வேண்டும். பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைக்கவே கூடாது.

டவுன் ஹால் ரோடு பக்கம் இருந்த கடையில் என்னைப் பார்த்ததும் கடைக்காரர் தம்பிக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அப்படியென்றால் பிங்க் கலரில் கீபோர்டு இருக்கிறது என்றார். நான் பட்டியலை நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லைட்டு இல்லாத ஃபேன் கேக்குற மொத ஆளு நீதாம்மா. லைட்டு எரியலைன்னா உள்ள ஃபேன் இருக்குறது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியக் கூடாதுண்ணே. அதுக்குத்தான் வாங்குறேன்."

லைட் இல்லாத ஃபேனை வரவழைக்க அவருக்குப் பத்து நாள் ஆனது. விளக்கு இல்லாததால் விலை குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடியது.

கம்ப்யூட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தரையில் உட்கார்ந்து பூட்டினேன். மதர்போர்டில் கணக்குப் போடும் பிராசசரை வைத்து, அதன் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் பட்டாணி அளவு தடவி, கைக்குழந்தை கனம் இருந்த கூலரை அதன் தலையில் திருகினேன். முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. எல்லாம் மெதுவாகச் சுற்றும்படி ஒவ்வொன்றுக்கும் வேகம் குறித்துக் கொடுத்தேன். அம்மா குங்குமத்தோடு வந்து வலை மேல் பூசப் பார்த்தாள். ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று தடுத்தேன். சாமி குங்குமமா அடைக்கும் என்று கேட்டுவிட்டுப் பக்கவாட்டில் பூசினாள். சுவிட்சைப் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை. அம்மா டப்பாவில் காதை வைத்துப் பார்த்தாள்.

"ஓடுதாடி? இம்புட்டுப் பெரிய டப்பா, ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. ஏமாத்திப்புட்டானா?"

அன்றைக்கு இருந்த பெருமையில் என் தலை வாசல் நிலையில் இடிக்காதது ஆச்சரியம்தான். ஒரு ரெண்டர் வேலையை ஓடவிட்டு, உள்ளே எத்தனை டிகிரி என்று திரையில் காட்டினேன். அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. லேப்டாப் தொண்ணூற்றைந்தில் கொதித்தது என்று விளக்கினேன். இது சூடே ஆகாது என்றேன். அம்மா தலையாட்டினாள். நான் சொல்வதற்கெல்லாம் அவள் தலையாட்டுவாள், அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று படித்தவளான நான் யோசித்ததில்லை.

வீடியோக்காரர்கள் சொன்னபடி கேபினட்டின் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டாமல் திறந்த வெளிக்குக் காட்டி வைத்தேன். எங்கள் அறையில் திறந்த வெளி என்பது, மேஜைக்கும் பீரோவுக்கும் இடையில் அப்பாவின் பாய் விழுகிற இடம். அவர் கிழக்கே தலை வைத்துப் படுப்பவர். மேஜை கிழக்கில் இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் படுத்தார், நான் ரெண்டர் வேலையை ஆரம்பித்தேன். ஒரு பல்லி கத்தியதுகூடத் தெளிவாகக் கேட்டது. மதியம்வரை அப்பா பாயைச் சுருட்டவில்லை, தெப்பக்குளத்துக்குப் போகவில்லை. எழுந்ததும் கேட்டேன்.

"நல்லாத் தூங்குனீங்களாப்பா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன் ஆத்தா."

நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. மே மாதம் மதுரையில் ஒருவருக்கு வேர்த்தால் அதற்காக யார் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவார்கள்? நானும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு மேலேயே சீலிங் ஃபேன் இருந்ததால் கொஞ்சம் குறைவாக வேர்த்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமாக இருந்தது. அந்த வீட்டில் வேர்க்காத ஒரே ஆள் அதுதான்.

மூன்று வாரம் இப்படிப் போனது. வேலை பறந்தது. எந்த இன்ஜினியர் எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் அன்றைக்கே தருவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் காலை, அப்பா வீடு வந்து சேர்வதற்கு முன்பே யார்டு மேனேஜர் எனக்குப் போன் செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று அப்பா என் நம்பரைத்தான் அங்கே கொடுத்திருந்தார்.

"பாப்பா, அப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? லோடு வண்டிக்காரன் அரை மணி நேரமா ஹாரன் அடிச்சிருக்கான், கேட்டத் தொறக்கல. சேர்ல ஒக்காந்தபடியே தூங்கியிருக்காரு. இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாரு மொதலாளி."

அப்பா வந்ததும் கேட்டேன். வயசாகிறதில்லையா, அசந்துவிட்டேன் என்றார். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலப் பாயை விரித்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சத்தம் இல்லை. தினமும் ஆறு மணி நேரம் தூங்குகிறார். பிறகு ஏன் இரவில் தூக்கம் வருகிறது? டாக்டரிடம் காட்ட வேண்டும், சர்க்கரையாக இருக்கும், என்றெல்லாம் அறிவியல் பூர்வமாக யோசித்தேன்.

அன்று மதியம் அப்பா எழுந்து குளிக்கப் போனபோது அம்மா அவருடைய யூனிஃபார்ம் சட்டையை அலசிக்கொண்டு வந்தாள். மொட்டை மாடிக்குப் போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்து, கேபினட்டின் பின்பக்கத்துக்கு எதிரே போட்டு, அதன் மேல் சட்டையை விரித்தாள். செய்கிற தோரணையைப் பார்த்தால் முதல் தடவை மாதிரி இல்லை.

என்னம்மா செய்கிறாய் என்றேன்.

"மேல ஏறி எறங்க முழங்கால் வலிக்குதுடி. இதுல போட்டா அரை மணி நேரத்துல காஞ்சிருது. ரெண்டு வாரமா இங்கனதான் காயப் போடுறேன்."

கையை வைத்துப் பார்த்தேன். உலைமூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. சட்டை அதில் லேசாக ஆடியது. ஸ்டூலுக்குக் கீழே, சுருட்டாமல் கிடந்த பாயில் அப்பாவின் தலையணை. நடுவில் பள்ளமாக, ஈரமாக இருந்தது.

"ஏம்மா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"நீ அம்புட்டு ஆசையாச் செஞ்சியாம். ஒம் மனசு கோணக் கூடாதுன்னு என் வாயக் கட்டிப்புட்டாரு ஒங்கப்பா. கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பாரு, எங்குட்டுத் தூங்க?" சட்டையின் கையை இழுத்துச் சரிசெய்தாள். "நீயும் டப்பா சூடாகாது சூடாகாதுன்னு சொன்ன. சரி, அந்தச் சூடு பின்ன எங்க போகும்னு நெனச்ச?"

வெப்பம் பற்றிய பாடத்தில் ஒரு மதிப்பெண்கூடக் குறையாதவள் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெப்பம் அழியாது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் என்று எழுதி வாங்கிய மதிப்பெண் அது. எங்கே போகும் என்று கேள்வித்தாளில் கேட்கவில்லை. என் வீட்டில் அது அப்பாவின் தலைமாட்டுக்குப் போனது.

உடனே கேபினட்டை வாசல் பக்கம் திருப்பினேன். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்ததில் சூடு அறை முழுவதும் சமமாகப் பரவியது. சமத்துவம் வந்ததே தவிர அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. அடுப்படியில் வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். தான் எப்படியும் அங்கே வெந்துகொண்டுதான் இருக்கிறாளாம், கூட ஒரு அடுப்பு எரிந்தால் தெரியவா போகிறது என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா இல்லை என்றால் அம்மா என்று, இந்த வீட்டில் என் கம்ப்யூட்டரைக் குளிர வைக்க யாராவது ஒருவர் வேக வேண்டியிருந்தது.

பகலில் உட்கார்ந்து வரைவதற்கு டப்பா பெரிதாக உழைப்பதில்லை, சூடும் விடுவதில்லை. ரெண்டர்தான் நெருப்பு. அதை ராத்திரியில் ஓடவிட்டால் தீர்ந்தது. அப்பா வேலைக்குப் போய்விடுவார். அம்மாவும் நானும் கோடையில் மொட்டை மாடியில்தான் படுக்கிறோம். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்பீர்கள். தோன்றியது. ஆனால் அன்றைக்கே தருவேன் என்று மதுரை பூராவும் சொல்லி வைத்திருந்தேன். நாளைக்குத் தருகிறேன் என்று ஓர் இன்ஜினியரிடம் சொல்வது, மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி எனக்கு.

என்னிடம் அதிகம் வேலை கொடுக்கிற இன்ஜினியருக்குப் போன் செய்தேன். கெஞ்சுவதற்குத் தயாராக நாலைந்து வாக்கியங்களை எழுதியே வைத்திருந்தேன்.

"சார், இனிமே அன்னைக்கே தர முடியாது சார். மறுநாள் காலையிலதான் படம் வரும்."

அந்தப் பக்கம் யாரையோ சிமெண்ட் மூட்டையை நனையாமல் வைக்கச் சொல்லிவிட்டு அவர் திரும்பி வந்தார்.

"சரிம்மா. நீ அனுப்புறத நான் எப்பவும் மறுநாள்தானே தொறந்து பாக்குறேன்."

எழுதி வைத்த வாக்கியங்கள் வீணாகிவிட்டன. மற்ற இன்ஜினியர்களும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். என் வேகத்துக்காக இத்தனை நாள் அவசரப்பட்டது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

இப்போது ராத்திரி சாப்பிட்டதும் ரெண்டர் வேலையை ஆரம்பித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு மாடிக்குப் போகிறோம். பத்து நாள் காத்திருந்து வாங்கிய ஃபேன்கள், நான் ஒவ்வொன்றாக வேகம் குறித்துக் கொடுத்த ஃபேன்கள், கேட்க ஓர் ஆள் இல்லாத அறையில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மெதுவாகச் சுற்றுகின்றன. விடிந்ததும் படங்கள் தயாராக இருக்கும். யார்டிலிருந்து அப்புறம் போன் வரவில்லை.

சட்டையைக் காயப்போட மறுபடியும் மாடி ஏற வேண்டியிருக்கிறது என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். எட்டு மணிக்கு அப்பா அதே இடத்தில் பாயை விரிக்கிறார், கிழக்கே தலை வைத்து. எட்டரைக்கெல்லாம் குறட்டை ஆரம்பித்துவிடுகிறது. அந்தச் சத்தத்துக்குப் பழைய லேப்டாப் எவ்வளவோ தேவலை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரைய உட்காருகிறேன்.