உயிரோடு இருந்தவருக்கு அனுதாபம்

போன வருடக் கடைசியில், அடைமழைக் காலத்தில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் நெஞ்சுவலி வந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பியிருந்தார். கர்த்தருக்கு நன்றி சொல்ல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபம் வைத்தோம். மழைக்காக வாசலில் கூடாரம் போட்டோம். எங்கள் லயத்தில் கூடாரம் ஏறினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. வீட்டு ஜெபத்துக்கு யாரும் போடுவதில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஜொகூர், சிங்கப்பூர் என்று போனவர்களும் அதில் உண்டு. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அதில் வரும் நல்லது கெட்டது ஒன்றையும் விடமாட்டேன்.

அன்று காலை, கம்போங் ராஜாவுக்குக் காய்கறி லோரி ஓட்டிப்போன ஒருவர் எங்கள் கூடாரத்தையும் நாற்காலிகளையும் ரோட்டில் நின்றபடியே படம் பிடித்திருக்கிறார். நெஞ்சுவலி விஷயம் அவருக்குத் தெரியும். இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பெயரை எழுதி, 'காலமானார்' என்று குழுவில் போட்டுவிட்டார்.

நாங்கள் குசினியில் சமையலில் இருந்தோம். போன் அறையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், ஜொகூரில் இருக்கும் என் மகள் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். பதறிப்போய் அழைத்தேன்.

“அம்மா, நாங்க வந்துக்கிட்டே இருக்கோம். பெட்டிய மூடிடாதீங்கம்மா!”

“எந்தப் பெட்டிடி? அப்பா குசினியில உக்காந்து வடை தின்னுக்கிட்டிருக்காரு!”

அவள் நம்பவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக் கதறினாள். அவரே போனை வாங்கி, “நான்தாம்மா. இன்னும் போகலை” என்ற பிறகுதான் மூச்சு வந்தது. மருமகன் காரை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்தார். பின்னால் இரண்டு பிள்ளைகள். கொட்டும் மழையில், அழுத கண்ணோடு அவ்வளவு தூரம் ஓட்டிவந்திருக்கிறார்.

குழுவைத் திறந்து பார்த்தேன். வரிசையாகக் கும்பிட்ட கைகள். இரண்டு வீடு தள்ளி இருப்பவளும் கும்பிட்டிருந்தாள்! அவள் வீட்டுக் குக்கர் விசில் எனக்குக் கேட்கிறது. தலையை நீட்டிப் பார்க்க அவளுக்கு முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கோ சிரிப்பு. “நல்ல மனுஷன்னு எழுதியிருக்காங்க, பாரு. உசுரோட இருக்கப்ப எவன் சொன்னான்?”

அதற்குள் படம் மாயமாகிவிட்டது. யாரோ சொல்லி உண்மை தெரிந்துகொண்ட லோரிக்காரர் எனக்குப் போன் போட்டார்.

“சாரி லா, அக்கா. நல்ல மனசோடதான் போட்டேன். அதான் அழிச்சிட்டேன்ல?”

“என் மக அழுததயும் அழிப்பியா தம்பி? அத்தன பேரு முன்னால சாகடிச்சல்ல, அத்தன பேரு முன்னாலயும் சொல்லு.”

“குழுவுல எப்படிக்கா? வெக்கமா இருக்கு லா.”

என் மகளுக்கு வந்த நடுக்கத்தைவிட இவர் வெட்கம் பெரிதாம்! எனக்கு எழுத வராது, பேச வரும். குழுவில் குரலாகவே பதிந்தேன். “என் புருஷன் உசுரோட இருக்காரு. இத்தன பேரு கும்பிட்டீங்களே, ஒருத்தராவது போன் போட்டுக் கேட்டீங்களா?”

சாயங்காலம் ஜெபத்துக்கு லோரிக்காரர் நனைந்துகொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் வாசலில் நின்றே, தப்பு தன்னுடையது என்று குழுவில் பேசிப் போட்டார். தேநீர் கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நானும் முன்பு எத்தனையோ படத்துக்குக் கீழே யாரையும் கேட்காமல் கும்பிடு போட்டவள்தான். அதையும் மறைக்கவில்லை.

இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் மகள் ஹலோ சொல்வதில்லை, “அப்பா எங்கம்மா?” என்றுதான் கேட்கிறாள். ஒரு வீட்டின் படியேறிக் கேட்க மனமில்லாதவருக்கு, அந்த வீட்டுச் சாவை ஊருக்குச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்று, அவளுடைய அந்த நடுங்கும் குரலைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் கொதிக்கிறது.